தேவையற்ற சார்புப் பொதிகளை எந்த இடத்தில் வெட்டுவது? ஒரு நூல் கடையின் 14 கணினிகளை முன்வைத்து ஓர் ஒப்பீடு

திருப்பூரில் கடை, பல்லடத்துக்குப் பக்கத்தில் கிடங்கு, ஈரோட்டில் கிளை என்று மூன்று இடங்களில் தொழில் நடத்தும் பஞ்சு நூல் வணிக நிறுவனம் ஒன்றின் 14 கணினிகளை நான் பராமரித்து வருகிறேன். அத்தனையும் டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில் ஓடுகின்றன. 4 ஜிபி நினைவகம், 120 ஜிபி எஸ்எஸ்டி, பஞ்சுத் தூசி படிந்த விசிறி ஆகியவை அவற்றின் பொதுவான அங்க அடையாளங்கள். டெபியன் 12-இலிருந்து, 2025 ஆகஸ்டில் வெளியான 13-க்கு அவற்றை மாற்றுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது முதலாளி கேட்டார்: “பில்லுப் போட்டு ஸ்டிக்கர் அடிக்கிற மெசினுக்கு வாராவாரம் இத்தன அப்டேட் எதுக்குங்க?” நியாயமான கேள்விதான். பழையதன் மேலேயே புதியதை ஏற்றாமல் முதலிலிருந்து நிறுவுவதென்று முடிவு செய்ததும், தேவையில்லாத பொதிகளை (நிரல்களும் துணைக் கோப்புகளும் வந்து சேரும் ‘பேக்கேஜ்’ கட்டுகளை) எந்தக் கட்டத்தில், எந்த முறையில் தவிர்ப்பது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று.

முதலில், எதைச் சேமிக்கப் போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். வட்டில் இடம் இங்கே ஒரு பொருட்டே இல்லை. 120 ஜிபியில் பாதிக்கு மேல் எப்போதும் காலியாகத்தான் கிடக்கிறது. கிடங்கில் கம்பி வழி இணையம் கிடையாது, மேலாளரின் கைபேசி ஹாட்ஸ்பாட்டில்தான் எல்லாமே நடக்கிறது என்பதால், பயன்படுத்தாத ஒரு நிரலுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் அன்றைய டேட்டாவில் ஒரு பங்கு அதற்குப் போய்விடுகிறது. அதைவிட முக்கியமான செலவு, யாரும் கேட்காமலே பின்னணியில் ஓடிக்கொண்டு வலையமைப்பில் காதுகொடுத்திருக்கும் சேவைகள். ஆகவே என் அளவுகோல் மெகாபைட் அன்று. ‘இந்தப் பொதி எதற்காக இருக்கிறது?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத பொதிகள் எத்தனை என்பதே அளவுகோல்.

டெபியனில் ஒரு பொதி இன்னொரு பொதியை முக்கியமாக மூன்று விதங்களில் அழைக்கிறது. ‘டிபெண்ட்ஸ்’ என்பது கட்டாயச் சார்பு. ‘ரெகமெண்ட்ஸ்’ என்பது பரிந்துரை. வழக்கத்துக்கு மாறான சில அமைப்புகளைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் இது கூடவே இருக்கும் என்று பொதியை உருவாக்குபவர் கருதும் துணைப் பொதிகள் இதில் வரும். ‘சஜெஸ்ட்ஸ்’ வெறும் யோசனை. நம் பக்கத்துக் கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில் அருமைக்காரர் இல்லாமல் சீர் நடக்காது, அது டிபெண்ட்ஸ். மேளம் இல்லாமலும் தாலி கட்டிவிடலாம், ஆனால் யாரும் அப்படிக் கட்டுவதில்லை, அது ரெகமெண்ட்ஸ். மண்டப வாசலில் வைக்கும் பஞ்சுமிட்டாய் வண்டி சஜெஸ்ட்ஸ். 2009-இல் வந்த டெபியன் 5 முதல், பொதிகளை நிறுவி நீக்கும் ஆப்ட் கருவி முதல் இரண்டு வகைகளையும் தானாகவே நிறுவிவிடுகிறது. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையிலும், அதன் பொதி முறையான ஆர்பிஎம்மின் 2014-இல் வந்த 4.12-ஆம் பதிப்புக்குப் பிறகு இதே போன்ற மென்சார்புகள் வந்துவிட்டன. அங்கும் டிஎன்எஃப் என்ற நிறுவல் கருவி அவற்றைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். ஒரு பொதியின் பரிந்துரைக்கு ஒரு கட்டாயச் சார்பு, அதற்கு இன்னொரு பரிந்துரை என்று சங்கிலி நீளும்போதுதான், விரிதாள் ஒன்றைக் கேட்ட இடத்தில் ஒரு ஜாவா சூழலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எதையும் தொடாமல் அப்படியே விட்டுவிடுவதும் ஒரு வழிதான், அதை ஏளனமாகப் பார்க்கத் தேவையில்லை. பரிந்துரைகளோடு கூடிய முழு நிறுவலைத்தான் உலகெங்கும் பெரும்பாலானோர் ஓட்டுகிறார்கள், எனவே அதில் உள்ள பிழைகள்தான் முதலில் கண்ணில் பட்டுத் திருத்தப்படுகின்றன. ஒரே ஒரு வீட்டுக் கணினி என்றால் நானும் அப்படியே விட்டிருப்பேன்.

இரண்டாவது வழி, முழுதாக நிறுவிவிட்டுப் பிறகு களை எடுப்பது. ‘ஆப்டிடியூட் ஒய்’ என்ற கட்டளையோடு ஒரு பொதியின் பெயரைக் கொடுத்தால், அது எதன் பொருட்டு வந்தது என்ற சங்கிலியைக் காட்டும். ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ ஆதரவற்று நிற்கும் பொதிகளை நீக்கும். இந்த வழியில் போகிறவர்கள் பலரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. ஆட்டோரிமூவ் தன் கணக்கில் பரிந்துரைகளையும், ஏன், வெறும் யோசனைகளையும்கூட உறவாகவே எடுத்துக்கொள்கிறது. நிறுவியிருக்கும் ஏதாவது ஒரு பொதி ‘இது இருந்தால் நல்லது’ என்று சொல்லியிருந்தால் போதும், அதை நீக்காது. ஆப்டின் அமைப்புக் கோப்பில் ‘ரெகமெண்ட்ஸ்-இம்பார்ட்டன்ட்’, ‘சஜெஸ்ட்ஸ்-இம்பார்ட்டன்ட்’ ஆகிய இரண்டையும் ‘ஃபால்ஸ்’ என்று மாற்றினால்தான் உண்மையான பட்டியல் வெளியே வரும். வரும்போது அது திகைப்பூட்டும் நீளத்தில் வரும். அதில் எதை வைப்பது, எதை விடுவது என்று பெயரைப் பார்த்துத் தீர்மானிக்கத் தொடங்கும்போதுதான் தவறுகள் நேர்கின்றன.

என் தவறையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கடைக் கணினி ஒன்றில் இப்படிக் களை எடுத்தபோது, ‘பிசிஎஸ்சிடி’ என்ற சேவையை, ஸ்மார்ட் கார்டுக்கானது என்ற விளக்கத்தைப் படித்துவிட்டு, இங்கே யார் கார்டு செருகப் போகிறார்கள் என்று நினைத்து நீக்கிவிட்டேன். இரண்டு வாரங்கள் எந்தப் புகாரும் இல்லை. மாதம் பிறந்து 11-ஆம் தேதி நெருங்க, ஜிஎஸ்டி தாக்கலுக்காக ஆடிட்டர் அலுவலகத்துப் பையன் டிஜிட்டல் கையொப்ப டோக்கனைக் கொண்டுவந்து யுஎஸ்பியில் செருகியபோது, கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பெயரைப் பார்த்தால் தேவையில்லாதது போலவும், மாதத்தில் ஒரே நாள் மட்டும் இன்றியமையாததாகவும் இருக்கும் பொதிகள் ஒவ்வொரு அலுவலகத்திலும் இருக்கும். பின்னால் களை எடுக்கும் முறையின் அடிப்படைக் குறையே இதுதான்: எது பயிர் என்பதை எழுதிவைக்காமல், களை எது என்று மட்டுமே அது தேடுகிறது.

மூன்றாவது வழி, நிறுவும் வேளையிலேயே பரிந்துரைகளை நிறுத்திவிடுவது. ஆப்டின் அமைப்பில் ‘இன்ஸ்டால்-ரெகமெண்ட்ஸ்’ என்பதற்கு ‘ஃபால்ஸ்’ என்று ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது. ஃபெடோராவில் ‘இன்ஸ்டால்_வீக்_டெப்ஸ்’ என்பதற்கும் அதே மதிப்பைக் கொடுக்கலாம். ஒரே வரியில் கிடைக்கும் பலன் பெரிது என்பதால் இணையத்தில் இதைத்தான் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஈரோட்டுக் கிளையின் சோதனைக் கணினியில் இப்படி நிறுவி முடித்ததும், மேசையின் அடுத்த முனையில் இருந்த வலையமைப்பு அச்சுப்பொறி, அச்சிடும் சாளரத்தில் தென்படவே இல்லை. அச்சிடும் சேவையான கப்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, கேபிளும் சரியாக இருந்தது. காரணம், அச்சுப்பொறிகள் வலையமைப்பில் தங்கள் இருப்பைப் பறைசாற்றும் அறிவிப்பைக் கேட்டுச் சொல்லும் ‘அவாகி’ சேவை, கப்ஸ் பொதிக்குக் கட்டாயச் சார்பாக இல்லாமல் பரிந்துரையாக இருப்பதே. அவாகியை நிறுவினேன், அச்சுப்பொறியின் பெயர் வந்துவிட்டது, ஆனால் அச்சிடச் சொன்னால் ‘அச்சுப்பொறியைக் கண்டறிய முடியவில்லை’ என்று நின்றது. ‘.லோக்கல்’ என்று முடியும் பெயரை முகவரியாக மாற்றித் தரும் ‘லிப்என்எஸ்எஸ்-எம்டிஎன்எஸ்’ என்ற நூலகம் (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ‘லைப்ரரி’), அவாகிக்கே ஒரு பரிந்துரை. பரிந்துரைக்குள் ஒரு பரிந்துரை. அதையும் நிறுவிய பிறகுதான் முதல் தாள் வெளியே வந்தது.

இதே போல ஃபயர்ஃபாக்ஸுக்கு ‘லிப்அவ்கோடெக்’ இல்லையென்றால் பல வீடியோக்கள் ஓடாது. லிப்ரெ ஆபிஸின் கால்க் மட்டும் போதும் என்று நிறுவினால் அது திறக்கும், ஆனால் ஜிடிகே இணைப்புப் பொதி இல்லாமல் இருபது ஆண்டுப் பழைய முகத்தோடு திறக்கும். தமிழ் எழுத்துருக்களையும் மொழிபெயர்ப்புகளையும் சேர்த்துத் தருவதற்கென்று டெபியனில் ‘டாஸ்க்-தமிழ்-டெஸ்க்டாப்’ என்ற தொகுப்புப் பொதி இருக்கிறது; அது தன் பொருள்களில் பெரும்பாலானவற்றைப் பரிந்துரையாகவே அழைப்பதால், பரிந்துரை நிறுத்தப்பட்ட கணினியில் அது ஏறக்குறைய வெறும் உறையாக வந்து சேரும். நேரத்தைச் சரிபார்க்கும் ‘டைம்சிங்க்டி’ இன்னும் நுட்பமான உதாரணம். டெபியன் 10 வரை, சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் பொதிக்குள்ளேயே இருந்த அது, 11-இல் தனிப் பொதியாகப் பிரிந்து பரிந்துரையாக மாறியது. கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி தீர்ந்துபோன பழைய மதர்போர்டில் அது இல்லாவிட்டால் பில்லில் தேதி தவறும், உலாவியும் எல்லா வலைத்தளங்களின் சான்றிதழ்களையும் சந்தேகிக்கும். நிறுவும் நாளில் மட்டுமல்லாமல், ஒவ்வொரு பதிப்பு மாற்றத்தின்போதும் இப்படி ஏதாவது ஒன்று சத்தமில்லாமல் நழுவலாம் என்பதே இந்த வழியின் உண்மையான விலை.

ஆனாலும் பரிந்துரைகளை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் முடியாது. மேலே சொன்ன அதே கப்ஸ் குடும்பத்தில் ‘கப்ஸ்-ப்ரவுஸ்டு’ என்று ஒரு சேவை உண்டு. 2024 செப்டம்பரில் வெளியான குறைபாடுகள், அது வலையமைப்பின் யுடிபி 631-ஆம் துறையில் (போர்ட்) யார் அனுப்பும் அறிவிப்பையும் நம்பி அச்சுப்பொறியைச் சேர்த்துக்கொண்டது என்றும், அந்தப் போலி அச்சுப்பொறிக்கு யாராவது ஒரு தாளை அனுப்பினால் தாக்குபவரின் கட்டளை நம் கணினியில் ஓடும் என்றும் காட்டின. அவாகி எங்களுக்கு வேண்டும், ப்ரவுஸ்டு வேண்டாம். இரண்டும் ஒரே பட்டியலில் நிற்கும் பரிந்துரைகள். அவற்றைப் பிரித்துப் பார்க்க ஒற்றை ‘ஃபால்ஸ்’ போதாது.

அதனால்தான் நான்காவது வழி எனக்குப் பிடித்திருக்கிறது: நமக்கென்று ஒரு தொகுப்புப் பொதியை நாமே கட்டிக்கொள்வது. ‘எக்விவ்ஸ்’ என்ற சிறு கருவி, பெயரும் சார்புப் பட்டியலும் மட்டுமே கொண்ட ஒரு வெற்றுப் பொதியை உருவாக்கித் தரும். அதில் கால்க், உலாவி, கப்ஸ், அவாகி, எம்டிஎன்எஸ், டைம்சிங்க்டி, பிசிஎஸ்சிடி, தமிழ் எழுத்துரு, தமிழ்99 தட்டச்சுக்கான ஐபஸ்-எம்17என் என்று எங்களுக்கு வேண்டியவற்றைக் கட்டாயச் சார்பாகவே எழுதிவிடலாம். பிறகு அந்த ஒரு பொதியை மட்டும் ‘கையால் நிறுவியது’ என்று வைத்துக்கொண்டு, மற்ற அனைத்தையும் ‘ஆப்ட்-மார்க் ஆட்டோ’ மூலம் ‘தானாக வந்தது’ என்று குறித்துவிட்டால், பட்டியலில் வேர் இல்லாத எதையும் ஆட்டோரிமூவ் நீக்கிவிடும். ஆறு மாதம் கழித்து ஸ்டிக்கர் அச்சுப்பொறி மாறினால் பட்டியலில் ஒரு வரியை மாற்றிப் பதிப்பு எண்ணை உயர்த்தினால் போதும். 14 கணினிகளிலும் பழையது போய்ப் புதியது வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பட்டியல் மனிதர் படிக்கக்கூடிய ஓர் ஆவணம். எனக்குப் பிறகு யார் வந்தாலும், எந்தப் பொதி எதற்காக இருக்கிறது என்பதைக் குறிப்பு வரிகளோடு அதில் படித்துக்கொள்ளலாம்.

இதற்கும் ஒரு படுகுழி உண்டு, அதில் நான் விழுந்தும் இருக்கிறேன். வன்பொருள் தன் சார்பை ஆப்டிடம் சொல்லிக்கொள்வதில்லை. ரியல்டெக் வைஃபை டாங்கிளுக்கான ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே ஏற்றப்படும் நிரல்) பொதியை வேறு எந்தப் பொதியும் அழைப்பதில்லை. அதனால் பட்டியலில் நான் அதை எழுத மறந்த அன்று, கிடங்குக் கணினியில் ஆட்டோரிமூவ் அதைச் சாதாரணக் குப்பையாகவே பார்த்தது. நீக்கியபோதும் இணைப்பு அறுந்துவிடவில்லை, ஏனெனில் ஃபர்ம்வேர் ஏற்கெனவே கருவிக்குள் ஏறியிருந்தது. அடுத்த நாள் காலை கணினியை இயக்கியபோது வைஃபை இல்லை, வைஃபை இல்லாததால் அந்தப் பொதியை மறுபடி இறக்கவும் வழியில்லை. திருப்பூரிலிருந்து பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பல்லடம் போய்வந்தேன். கெர்னல், கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப், ஃபர்ம்வேர், செயலிக்கான நுண்நிரல், நெட்வொர்க் மேனேஜர் ஆகிய ஐந்தையும் பட்டியலின் முதல் ஐந்து வரிகளாக எழுதிய பிறகே மற்றதைத் தொட வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

வழங்கலையே மாற்றிவிட்டால் என்ன என்ற யோசனையையும் தள்ளிவிடவில்லை. ஆர்ச் லினக்ஸ் விருப்பச் சார்புகளைத் தானாக நிறுவுவதில்லை. ஆனால் அதன் ஓயாத புதுப்பிப்பு, எங்கள் டேட்டா பிரச்சினையைப் பெருக்கத்தான் செய்யும். ஜென்டூவில் ‘யூஸ்’ கொடிகள் வழியாக ஒரு நிரலுக்குள்ளேயே எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானித்து மூல நிரலிலிருந்தே தொகுக்கலாம் (கம்பைல் செய்யலாம்). சார்பைக் குறைப்பதில் அதைவிட ஆழமாகப் போகும் வழி எனக்குத் தெரியாது. 2023 டிசம்பர் முதல் ஆயத்தத் தொகுப்புகளையும் அவர்கள் பெருமளவில் தருகிறார்கள் என்றாலும், கொடிகளை நம் விருப்பத்துக்கு மாற்றிய உடனே மறுபடியும் தொகுக்கத்தான் வேண்டும். நான்கு ஜிபி நினைவகத்தில் உலாவியைத் தொகுப்பது வெயில் காலத்தில் கிடங்கில் செய்கிற வேலை அன்று.

ஆல்பைன் லினக்ஸ் உண்மையான போட்டியாளர். கொள்கலனுக்கான அதன் அடிப்படைப் படிமம் 10 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். நான் எக்விவ்ஸ் கொண்டு சுற்றி வளைத்துச் செய்வதை, ‘வேர்ல்டு’ என்ற ஒரே கோப்பில் வேண்டிய பொதிகளின் பெயர்களை எழுதிவைப்பதன் மூலம் அதன் ஏபிகே கருவி இயல்பாகவே செய்துவிடுகிறது. ஆனால் அது, டெபியனின் அடித்தளமான கிளிப்சிக்குப் பதிலாக மஸல் என்ற சி நூலகத்தின் மேல் நிற்கிறது. கையொப்ப டோக்கனுக்கும் ஸ்டிக்கர் அச்சுப்பொறிக்கும் தயாரிப்பாளர்கள் தரும் மூடிய இயக்கிகள் கிளிப்சிக்காகத் தொகுக்கப்பட்டவை. மஸலில் அவை நேரடியாக ஓடா. தமிழருக்கு மட்டுமே உறைக்கக்கூடிய இன்னொரு குறையும் இருக்கிறது. மஸல், மொழிவாரியான அகரவரிசை விதிகளைச் செயல்படுத்துவதில்லை. வெறும் யூனிகோடு எண் வரிசையில்தான் அடுக்கும். யூனிகோடில் ‘ன’ என்பது ‘ந’வை அடுத்தும், ‘ற’ என்பது ‘ர’வை அடுத்தும், ‘ள’வும் ‘ழ’வும் ‘வ’வுக்கு முன்பும் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே கட்டளை வரியில் வாடிக்கையாளர் பட்டியலை அடுக்கினால், ‘பழனி’க்குப் பிறகு வர வேண்டிய ‘பள்ளிபாளையம்’ அதற்கு முன்னால் வந்து நிற்கும். லிப்ரெ ஆபிஸ் தனக்கென்று வேறு நூலகத்தை வைத்திருப்பதால் அதற்குள் இந்தச் சிக்கல் எழாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேசைக் கணினிகளுக்கு ஆல்பைன் வேண்டாம் என்று முடிவு செய்தேன். திரையோ அச்சுப்பொறியோ இல்லாத காப்புநகல் பெட்டிக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

இவை எல்லாமே நம் கையில் இருக்கும் வெட்டுகள். நம் கைக்கு எட்டாத இடத்திலும் சார்புகள் பிறக்கின்றன. 2024 மார்ச் இறுதியில், தரவைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருப்பதை, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதிப்பதைக் கவனித்து மென்பொருளாளர் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் கண்டுபிடித்தார். ஓப்பன்எஸ்எஸ்எச் எழுதியவர்களின் மூல நிரலுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. சேவை தொடங்கிவிட்டது என்று சிஸ்டம்டிக்கு ஒரு சிறு செய்தி அனுப்புவதற்காக டெபியனும் ஃபெடோராவும் அதில் லிப்சிஸ்டம்டியை ஒட்டின. அது தன்னோடு எக்ஸ்இசட்டின் லிப்எல்இசட்எம்ஏவையும் கூட்டிவந்தது. டெபியனின் நிலையான பதிப்புக்கு அந்த நஞ்சு வந்து சேரவில்லை என்பது ஆறுதல். கவனிக்க வேண்டியது என்னவென்றால், நான் மேலே சொன்ன எந்த வழியாலும் அந்தச் சார்பை அறுத்திருக்க முடியாது, ஏனெனில் அது பரிந்துரையாக இல்லாமல் இருமக் கோப்பிலேயே பதிந்த கட்டாயமாக இருந்தது.

அதை அறுக்க வேண்டியவர்கள் வழங்கலை ஆக்குபவர்கள்தான், அவர்களிடம் கருவிகளும் இருக்கின்றன. பொதி கட்டும்போது ஓடும் ‘டிபிகேஜி-எஸ்எச்லிப்டெப்ஸ்’, இருமக் கோப்பு எந்தெந்த நூலகங்களோடு பிணைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துச் சார்புகளைத் தானே எழுதுகிறது. பிணைக்கப்பட்டும் பயன்படுத்தப்படாத நூலகம் இருந்தால் எச்சரிக்கவும் செய்கிறது. நிரலை நூலகங்களோடு சேர்க்கும் பிணைப்பியிடம் (லிங்க்கர்) ‘ஆஸ்-நீடட்’ என்ற கொடியைக் கொடுத்தால் அப்படிப்பட்ட வெற்றுச் சார்புகள் உதிர்ந்துவிடும். எப்போதாவது மட்டும் தேவைப்படும் நூலகத்தைத் தேவைப்படும் கணத்தில் ஏற்றிக்கொள்வது இன்னொரு முறை. சிஸ்டம்டி தன் சுருக்க நூலகங்களுக்கு 256-ஆம் பதிப்பில் அந்த முறைக்கு மாறியது. ஆனால் அப்படி ஏற்றப்படும் நூலகம் மேற்சொன்ன கருவியின் கண்ணில் படாது என்பதால், பொதியாளர் அதைக் கையால் எழுத வேண்டும், மறந்தால் பயனர் மாட்டிக்கொள்வார். விம், இமாக்ஸ், ஜாவா போன்றவற்றுக்கு வரைகலை இல்லாத மெலிந்த வடிவங்களைத் தனியாகப் பிரித்துக் கொடுப்பது பழைய, பயனுள்ள முறை. இவற்றில் எதற்கும் பிழைப் பதிவு செய்வது ‘ரிப்போர்ட்பக்’ மூலம் பத்து நிமிட வேலை. பலன் அடுத்த நிலையான பதிப்பில்தான் வரும் என்பதால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். உரிமையாளரிடம் இதை ஒரு தீர்வாகச் சொல்ல முடியாது, ஆனால் செய்யாமல் விடவும் மனம் வராது.

ஆகவே எங்கள் முடிவு இது. மேசைக் கணினிகள் 13-க்கும் டெபியன் 13, பரிந்துரைகளை நிறுத்திய நிறுவல், அதன் மேல் எங்கள் சொந்தத் தொகுப்புப் பொதி. மூன்றாவது வழியைத் தனியாகவும் நான்காவதைத் தனியாகவும் நான் பரிந்துரைக்க மாட்டேன்: மூன்றாவது மட்டும் இருந்தால் விடுபட்டவை நினைவில்தான் இருக்கும், நான்காவது மட்டும் இருந்தால் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் தன் பரிந்துரைகளை மறுபடி அழைத்துவரும். பதினான்காவதான காப்புநகல் பெட்டிக்கு ஆல்பைன். அடுத்த பதிப்பு மாற்றம் வரும்போது, பட்டியலில் உள்ள பொதிகளின் பரிந்துரைகளைப் பழைய பதிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு நாளை ஒதுக்கிவிட வேண்டும்; அந்த ஒரு நாள் கூலியையும் சேர்த்தே உரிமையாளரிடம் கணக்குச் சொல்லியிருக்கிறேன்.

முதல் கணினி ஈரோட்டில் ஏற்கெனவே மாற்றப்பட்டுவிட்டது. 11-ஆம் தேதித் தாக்கலும் 20-ஆம் தேதித் தாக்கலும் அதிலேயே ஒருமுறை முடியும்வரை அடுத்ததைத் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறோம். கிடங்குக் கணினியை எல்லாவற்றுக்கும் கடைசியாக, ஃபர்ம்வேர் பொதியைப் பென்டிரைவில் போட்டுக் கையோடு கொண்டுபோய்த்தான் மாற்றுவேன்.